டபிள்யூ13: சைடுபாட் எங்கே போச்சு? (பஹ்ரைன் டெஸ்ட் அலசல்)

தரைக்காற்று
10 மார்ச் 2022

பிப்ரவரி 18-ல சில்வர்ஸ்டோன்ல மெர்சிடிஸ் காட்டின இந்த வருச ஃபார்முலா 1 காரை (டபிள்யூ13) வச்சு பழைய இழையில பக்கம் பக்கமா எழுதித் தள்ளினோம். அதை மூட்டை கட்டி பரண்ல போடுங்க. இன்னைக்கு பஹ்ரைன் கராஜ்ல இருந்து வெளிய வந்த டபிள்யூ13-ல சைடுபாட்னு (காக்பிட்டுக்கு ரெண்டு பக்கமும் ரேடியேட்டரை மூடற உடம்பு) ஒண்ணு இருக்கான்னே தேட வேண்டியிருக்கு.

படத்துல கண்ணுக்குத் தெரியறது முதல்ல, ஊகம் அப்புறம்.

ரேடியேட்டருக்குக் காத்து போற வாய், காக்பிட் சுவரோட ஒட்டி, ஒடுக்கமா, நெட்டுக்குத்தலா நிக்குது. பின்னாடி போகப் போக உடம்பு ஃப்ளோரை (காரோட அடித்தட்டு) ஒட்டி ஒண்ணுமில்லாம சுருங்கிடுது. வாய்க்கு மேல பக்கவாட்டுல ஒரு குட்டி இறக்கை நீட்டிட்டு இருக்கே, அது இறக்கை இல்ல. பக்கவாட்டு மோதலைத் தாங்கற தூண், அதாவது எஸ்ஐஎஸ். மத்த கார்ல அது சைடுபாட் தோலுக்குள்ள மறைஞ்சிருக்கும். இங்க தோலையே உரிச்சுட்டதால தூண் வெளிய வந்துடுச்சு. அதுக்கு கார்பன் உறை மாட்டி இறக்கை வடிவம் கொடுத்து, கண்ணாடியையும் அதுலயே உக்கார வச்சிருக்காங்க.

என்ஜின் கவர் ஹாலோவுக்கு (ஓட்டுநர் தலையைக் காக்கற வளைவு) பின்னாடி தோள் புடைச்சு நிக்குது, ரெண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி வெட்டு. ஃப்ளோர் ஓரம் அப்பளம் பொரிச்ச மாதிரி அலை அலையா இருக்கு.

போன மாசம் பார்சிலோனா டெஸ்ட்ல இருந்த அதே மோனோகாக்தான்னு (ஓட்டுநர் உக்கார்ற கார்பன் கூடு) நினைக்கிறேன். காக்பிட், சஸ்பென்ஷன் கைகள் பிடிச்சிருக்கிற இடம் எதுவும் நகரல. மாறினது தோல் மட்டும்.


மரனெல்லோ_மாமா
10 மார்ச் 2022

எட்டு வருசமா கப்பைத் தூக்குனவங்க, துணி எடுக்கக் காசில்லாம கோவணத்தோட வந்திருக்காங்க போல :)

சீரியஸா ஒரு கேள்வி. அந்த எஸ்ஐஎஸ் மேல இறக்கை வைக்கிறது விதிப்படி செல்லுமா? இந்த வருசம் பார்ஜ்போர்டு (சைடுபாடுக்கு முன்னாடி நின்னு காத்தைத் திருப்பற பலகை) எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிட்டோம்னு சொன்னாங்க. இது பின்வாசல் வழியா வர்ற பார்ஜ்போர்டு மாதிரி தெரியுது.


விதிநூல்
10 மார்ச் 2022

செல்லும். புதிய விதிகள் உடற்பகுதியை ஒரு கற்பனைப் பெட்டிக்குள் அடக்கச் சொல்கின்றன. பெட்டியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. வளைவுகளுக்குக் குறைந்தபட்ச ஆரம் உண்டு. ஆனால் பெட்டியை நிரப்பியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. பெரும்பாலான அணிகள் பெட்டியை நிரப்பின, இவர்கள் காலி செய்தார்கள்.

எஸ்ஐஎஸ் தூண் பக்கத்துக்கு இரண்டு: மேலே ஒன்று, ஃப்ளோர் மட்டத்தில் ஒன்று. 2014 முதல் அதன் வடிவம் எல்லா அணிக்கும் பொது. அது காரில் இருந்தே தீர வேண்டும். எனவே அதை மூடும் உறையும் சட்டப்படி இருந்தே தீர வேண்டும். அந்த உறைக்கு என்ன குறுக்குவெட்டு கொடுப்பது என்பதில்தான் இவர்கள் விளையாடியிருக்கிறார்கள். காற்றோட்டத்தில் நிற்கும் தூணுக்கு வட்ட வடிவம் கொடுத்தால் இழுவை. இறக்கை வடிவம் கொடுத்தால் இழுவை குறையும், காற்றையும் வேண்டிய பக்கம் திருப்பலாம்.

மாமா சொன்ன பின்வாசல் ஒன்று உண்டு, அது கண்ணாடி. உறையின் மேல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னத் துடுப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியைத் தாங்கும் பாகம் என்ற பெயரில் சுழல் உண்டாக்கிகளை வைத்திருக்கிறார்கள். மற்ற அணிகள் முறையிட்டால் அங்கேதான் கை வைப்பார்கள், சைடுபாடில் அல்ல.


ஆரோ44
10 மார்ச் 2022

அப்ப நேருக்கு நேர் பார்த்தா காரோட பரப்பே குறைஞ்சிருக்கு. ஸ்ட்ரெயிட்ல பறக்கும்ல? ரெட்புல்லுக்கு இந்த வருசம் சங்குதான்.


தரைக்காற்று
10 மார்ச் 2022

ஆரோ, அவசரப்படாதீங்க. நேரா முன்னாடி நின்னு பாருங்க. சைடுபாடுக்கு முன்னாடி என்ன இருக்கு? முன் சக்கரம், 305 மில்லி மீட்டர் அகலம், 720 மில்லி மீட்டர் உயரம். சைடுபாட்ல பெரும்பகுதி அந்த டயரோட நிழல்லதான் இருக்கு. நிழல்ல இருக்கிற ஒண்ணைச் சின்னதாக்கினா இழுவை நீங்க நினைக்கிற அளவு குறையாது. இந்தக் காருங்கள்ல இழுவைக்குப் பெரிய குற்றவாளி நாலு டயரும் பின் இறக்கையும்தான்.

லாபம் இருந்தா அது பின்னாடிதான் இருக்கணும். ஃப்ளோரோட மேல்பரப்பு வழியா டிஃப்யூசர் (ஃப்ளோரோட பின்முனையில மேல விரியற பகுதி) மேலயும் பீம் விங்குக்கும் (பின் இறக்கைக்குக் கீழ இருக்கிற சின்ன இறக்கை) போற காத்து, தடை இல்லாம, சுத்தமா போகும். டிஃப்யூசர் வாயில அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அடியில இருக்கிற குகை காத்தை இழுக்கும்.

ஆனா சுத்தமான காத்துக்கு ஒரு எதிரி இருக்கு: அதே முன் டயர். சுத்தற டயருக்குப் பின்னாடி கலங்கின, செத்த காத்து வருது. அது ஃப்ளோர் ஓரத்துல உள்ள புகுந்தா கீழழுத்தம் (காரைத் தரையோட அமுக்கற காத்து விசை) போச்சு. போன வருசம் வரைக்கும் பார்ஜ்போர்டு அதை வெளிய தள்ளும். இப்ப அது இல்லாததால ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி.

ஃபெராரி எஃப்1-75: சைடுபாடை அகலமா வச்சு, உடம்பாலயே கலங்கின காத்தை வெளிய முட்டித் தள்றாங்க. மேல தொட்டி மாதிரி குழி, அதுல செவுள்.

ரெட்புல் ஆர்பி18: வாய்க்குக் கீழ ஆழமா குடைஞ்சு, மேல்பரப்பைச் சறுக்கு மரம் மாதிரி பின்னாடி இறக்கியிருக்காங்க. காத்து கீழ இறங்கி பின் ஃப்ளோருக்குப் போகுது.

மெர்சிடிஸ்: தள்ற வேலையை முழுக்க ஃப்ளோர் வாயில இருக்கிற தடுப்புப் பட்டைகள்கிட்ட விட்டுட்டாங்க, மேல எஸ்ஐஎஸ் இறக்கை கொஞ்சம் உதவும். பட்டை சரியா வேலை செஞ்சா இவங்க ராஜா. செய்யலைன்னா கலங்கின காத்து நேரா உள்ள வரும், நடுவுல தடுக்க உடம்பே கிடையாது.


ரேடியேட்டர்_ராசா
10 மார்ச் 2022

எல்லாரும் வெளிய பாக்கறீங்க, சூடு எங்க போச்சுன்னு யாரும் கேக்கலையே.

கணக்கு சுலபம்ங்க. எரிபொருள் ஓட்டத்துக்கு உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோ, அதாவது வினாடிக்கு 27.8 கிராம். இந்த வருசத்து 10 சதவீத எத்தனால் கலவைக்கு கிலோவுக்கு 41, 42 மெகாஜூல்னு வச்சுக்கிட்டா ஏறக்குறைய 1,150 கிலோவாட் உள்ள போகுது. பாதி கிராங்க்ல வேலையா வருதுன்னு தாராளமா எடுத்துக்குங்க. மிச்சப் பாதி புகையோட கொஞ்சம், தண்ணி, ஆயில், டர்போ காத்து, பேட்டரின்னு கூலர் வழியா மீதி. சைடுபாட் சுருங்கினதால இந்தச் சூடு ஒரு வாட்கூட குறையாது.

அப்ப கூலர் எங்க? புடைச்ச தோளைப் பாருங்க, விடை அங்க இருக்கு. பக்கத்துல இருந்த சாமானை நடுவுலயும் மேலயும் அடுக்கியிருக்காங்க. இதுக்கு மூணு இடத்துல வட்டி கட்டணும்.

முதல் வட்டி எடை. தண்ணி ரொம்பின கூலர் மேல ஏறினா கார் புவியீர்ப்பு மையமும் மேல ஏறும். குறைந்தபட்ச எடையே 795 கிலோ, அதைத் தொடவே பல அணி திண்டாடுது, கூட்டிக் கொடுங்கன்னு கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டாவது, பின் இறக்கைக்கும் பீம் விங்குக்கும் போற காத்துல அந்தத் தோள் குறுக்க நிக்கும். கீழ மிச்சம் பிடிச்சதை மேல கொஞ்சம் திருப்பிக் கொடுத்துடறாங்க.

மூணாவதுதான் ஓட்டற நாள்ல கழுத்தைப் பிடிக்கும். வாய் சின்னதா இருந்தா கூலரோட கோரை (காத்து புகுந்து போற உள் அடுக்கு) தடிப்பா வைக்கணும், தடிச்ச கோர்ல காத்துக்கு அழுத்த இழப்பு அதிகம். வாய்க்கும் கோருக்கும் நடுவுல குழாய் சட்டுனு விரிஞ்சா காத்து சுவரை விட்டுப் பிரிஞ்சுடும், கோர்ல பாதி சும்மா கிடக்கும், மீதி பாதி கொதிக்கும். தனியா ஓடும்போது தெரியாது. முன்னாடி ஒரு காரைப் பத்து சுத்து விடாம துரத்தினா தெரியும். அதனால டெஸ்ட்ல இவங்க தனியா ஓடற நேரத்தைப் பாத்து கூலிங் நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க.

செவுள் எண்ணிக்கையைக் குறிச்சு வைங்க. அது தனித் தனிப் பலகை, அஞ்சு செவுள் பலகை, எட்டு செவுள் பலகைன்னு மாத்தி மாட்டுவாங்க. மதியம் வெயில்ல எத்தனை திறந்திருக்கு, சாயங்காலம் எத்தனைன்னு பாத்தாலே கையில எவ்வளவு மிச்சம் வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுடும்.


நாலாவது_கியர்
10 மார்ச் 2022

ராசா பதிவைப் படிச்சதும் வெக்கையா இருக்கு :)

நான் மாலை நேர வீடியோவை மட்டும் உக்காந்து பாத்தேன். கார் மெயின் ஸ்ட்ரெயிட்ல தவளை மாதிரி குதிக்குது. பார்சிலோனாவுல எல்லாரும் குதிச்சாங்க. இங்க மத்தவங்க அடங்கிட்டு வர்ற மாதிரி தெரியுது, இது அடங்கல.


லோட்டஸ்79
11 மார்ச் 2022

இந்தத் துள்ளல் புதிதல்ல. 1970களின் கடைசியில் தரைவிளைவுக் கார்கள் (அடிப்பாகத்தால் தரையை நோக்கி உறிஞ்சப்படும் கார்கள்) வந்தபோதே இருந்தது. 1979-இல் லோட்டஸ் 80 இதனாலேயே படுத்தது. 1983-இல் தட்டை அடிப்பாகம் கட்டாயமான பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

நடப்பது இதுதான். வேகம் கூடக் கூட அடிக்குகை காரைத் தரையை நோக்கி உறிஞ்சுகிறது. கார் இறங்க இறங்க இடைவெளி குறுகி, உறிஞ்சல் இன்னும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இடைவெளி போதாமல் ஓட்டம் திணறிப் பிரிகிறது. கீழழுத்தம் சட்டென்று அறுந்துவிடும். அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கும் டயரும் காரை மேலே தூக்கும். மேலே வந்ததும் ஓட்டம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி உறிஞ்சல். வினாடிக்கு ஐந்தாறு முறை.

நீங்களே எண்ணலாம். ஆன்போர்டு (காரிலேயே பொருத்திய கேமரா) வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டி, ஹெல்மெட்டின் உச்சி ஹாலோ விளிம்பைத் தொடும் தடவைகளை நிஜ நேரம் இரண்டு வினாடிக்கு எண்ணுங்கள். பத்து வந்தால் வினாடிக்கு ஐந்து. மணிக்கு 288 கி.மீ. என்பது வினாடிக்கு 80 மீட்டர்; ஆக 16 மீட்டருக்கு ஒரு குதி. சாலை மேட்டால் வரும் ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வரும். துள்ளல் அப்படியல்ல, குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி பிரேக் வரை விடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், மருந்து வேறு வேறு.


ஆரோ44
11 மார்ச் 2022

லோட்டஸ் சார், இவ்வளவு தெரிஞ்ச விஷயம்னா காத்துச் சுரங்கத்துல (மாதிரிக் கார் மேல காத்தை ஊதிப் பாக்கற கூடம்) முன்னாடியே பிடிச்சிருக்க மாட்டாங்களா? மெர்சிடிஸ்ல இல்லாத ஆளா?


லோட்டஸ்79
11 மார்ச் 2022

நல்ல கேள்வி தம்பி. சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாதிரிதான் வைக்கலாம், காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு 180 கி.மீ. துள்ளல் தொடங்குவது அதற்கு வெகு மேலே. தவிர, மாதிரி ஒரு தண்டில் தொங்குகிறது. நிஜக் காரின் டயரும் ஸ்பிரிங்கும் நெளியும் ஃப்ளோரும் அதில் இல்லை. நோயே அங்கேதான் இருக்கிறது.


விதிநூல்
11 மார்ச் 2022

கூடுதலாக ஒன்று. சென்ற ஆண்டு சாம்பியன் என்பதால் மெர்சிடிஸுக்கு சுரங்க நேரத்தில் 70 சதவீதம்தான். அடிப்படை ஒதுக்கீடு ஒரு காலகட்டத்துக்கு 320 சோதனை ஓட்டம்; இவர்களுக்கு 224. ஏழாவதாக முடித்த அணிக்கு முழு 320 உண்டு. புது விதி, புது டயர், குறைந்த ஓட்டம், அதில் எல்லாரையும் விட்டுத் தனி வழி. துணிச்சல் என்று சொல்லலாம், வேறு சொல்லும் இருக்கிறது.


மரனெல்லோ_மாமா
11 மார்ச் 2022

சஸ்பென்ஷனை வச்சு அமுக்க முடியாதா? மெத்துனு ஒரு டேம்பர் (ஷாக் அப்சார்பர்) போட்டா குதிக்குமா என்ன?


தரைக்காற்று
11 மார்ச் 2022

மாமா, முன்னாடி அதுக்கு சாமான் இருந்துச்சு. இனெர்ட்டர்னு ஒண்ணு, சஸ்பென்ஷன் ஆட்டத்தை அடக்கற கருவி, மெக்லாரன் 2005-ல முதல்ல காருக்குள்ள கொண்டு வந்தது. அதையும் ஹைட்ராலிக் விளையாட்டுகளையும் இந்த வருசம் தடை பண்ணிட்டாங்க. இப்ப சாதா ஸ்பிரிங், சாதா டேம்பர்.

அடுத்தது டயர். 13 அங்குல ரிம் இருந்தப்ப பக்கச் சுவர் உயரமா, அதுவே பாதி சஸ்பென்ஷன் மாதிரி ஆட்டத்தை விழுங்கும். 18 அங்குலத்துல சுவர் ஒட்டிப் போச்சு.

இப்ப கையில இருக்கிற மருந்து எல்லாத்துக்கும் பக்க விளைவு உண்டு. உயரத்தைக் கூட்டினா துள்ளல் நிக்கும், கீழழுத்தம் குறையும், இந்தக் காரோட மொத்த கணக்கும் தரையை ஒட்டி ஓடறதுல இருக்கு. ஸ்பிரிங்கை இறுக்கினா கெர்ப் (வளைவோட ஓர மேடு) மேல ஏறும்போது வண்டி கட்டை மாதிரி தாவும், மெதுவான வளைவுல பின் டயர் பிடிக்காது. ஃப்ளோர் ஓரத்தை வெட்டி காத்தைக் கொஞ்சம் கசிய விட்டா அமைதியாகும், வெட்டின அளவுக்கு உறிஞ்சலும் போகும். ஃப்ளோரைத் தடிப்பாக்கினா எடை.

இதுல இவங்களுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி இருக்கு, சைடுபாட் பத்தி உண்மையில பேச வேண்டியது அதைத்தான். ஃப்ளோரோட மொத்த அகலம் 1,600 மில்லி மீட்டர், நடுக்கோட்டுல இருந்து 800. மத்த கார்ல அதுல பாதிக்கு மேல சைடுபாட் கூரை மாதிரி உக்காந்து பிடிச்சிருக்கும். இங்க உடம்பு சுருங்கிட்டதால அந்தரத்துல நீட்டின பலகை ரொம்ப நீளம். நீளமான பலகை நுனியில நெளியும். ஓரம் நெளிஞ்சு தரையை நெருங்கினா அடைப்பு இன்னும் இறுக்கமாகும், உறிஞ்சல் கூடும், திணறலும் சீக்கிரம் வரும். ஒல்லி சைடுபாட் துள்ளலை உண்டாக்குதுன்னு சொல்லல. துள்ளலுக்கு எதிரா ஃப்ளோரைப் பிடிச்சு நிறுத்தற வேலையை அது கஷ்டமாக்குது.


நாலாவது_கியர்
11 மார்ச் 2022

நெளியுதான்னு படத்துல அளக்க முடியுமா?


தரைக்காற்று
11 மார்ச் 2022

முடியும், பொறுமை வேணும். நேர் பக்கவாட்டுல, தூரத்துல இருந்து நீள லென்ஸ்ல எடுத்த ரெண்டு படம் எடுங்க: ஒண்ணு பிட் லேன்ல மெதுவா வர்றப்ப, இன்னொண்ணு ஸ்ட்ரெயிட் முடிவுல.

அளவுகோல் டயர்தான். விட்டம் 720 மில்லி மீட்டர். படத்துல 360 பிக்சல் வந்தா ஒரு பிக்சலுக்கு 2 மில்லி மீட்டர். விட்டத்தைக் குறுக்குவாட்டுல அளங்க, மேலிருந்து கீழ அளக்காதீங்க. பாரத்துல டயர் அடியில நசுங்கி இருக்கும், கணக்கு தப்பும். டயரோட வெளி முகம் நடுக்கோட்டுல இருந்து 1,000-ல, ஃப்ளோர் ஓரம் 800-ல. 50 மீட்டர் தள்ளி எடுத்த படத்துல இந்த 200 மில்லி மீட்டர் வித்தியாசத்தால வர்ற பிழை அரை சதவீதம்கூட இல்ல, விட்டுடலாம்.

அப்புறம் ஓரத்தைத் தரையோட ஒப்பிடாதீங்க, மொத்தக் காரும் அமுங்கியிருக்கும். மோனோகாக் மேல இருக்கிற ஒரு ஸ்பான்சர் எழுத்தோட அடிக்கோட்டுல இருந்து ஃப்ளோர் ஓரம் வரைக்கும் அளங்க. ரெண்டு படத்துலயும் அந்தத் தூரம் மாறினா, அதுதான் நெளிவு. மொபைல் வீடியோவுல இருந்து எடுத்த படம் வேணாம், சக்கரம் முட்டை மாதிரி சரிஞ்சு வரும்.

அலை அலையா இருக்கிற ஓரத்துல எந்த அலையை அளந்தீங்கன்னு எழுதி வைங்க. இல்லைன்னா நாளைக்கு வேற அலையை அளந்து சண்டை போட்டுட்டு இருப்போம்.


ரேடியேட்டர்_ராசா
11 மார்ச் 2022

ஃப்ளோ-விஸ் பெயின்ட் அடிச்சு விட்ட படம் கிடைச்சா இன்னும் நல்லதுங்க. மெல்லிய எண்ணெய்ல ஒளிரும் தூள் கலந்த சமாச்சாரம். கோடு நீளமா, ஒரே திசையில, மெலிசா இருந்தா காத்து ஒட்டி ஓடுதுன்னு அர்த்தம். திட்டுத் திட்டா தேங்கி இருந்தாலோ, முன்னோக்கி வளைஞ்சு வந்திருந்தாலோ அங்க காத்து பிரிஞ்சிருக்கு.

எனக்குப் பாக்க வேண்டிய இடம் எஸ்ஐஎஸ் உறைக்குப் பின்னாடி, தோள் ஆரம்பிக்கற மூலை. சுழல் வந்து அங்க முட்டணும். ஒண்ணு மட்டும்: கார் கராஜ்ல வந்து நின்ன பிறகு பெயின்ட் கீழ வழியும். செங்குத்தா வழிஞ்ச கோட்டைக் காத்துன்னு நினைச்சு நாலு பக்கம் எழுதிடாதீங்க.


மரனெல்லோ_மாமா
11 மார்ச் 2022

அந்த நாலு பக்கம் பதிவு என்னுதுதான், ஒத்துக்கறேன் :)

சரி, இது வேலைக்கு ஆகலைன்னா என்ன பண்ணுவாங்க? நாலாவது ரேஸ்ல ரெட்புல் மாதிரி சைடுபாட் மாட்டிட்டு வந்துடலாம்ல?


விதிநூல்
11 மார்ச் 2022

தோலை மாற்றலாம், சில வாரங்களில். பார்சிலோனாவிலிருந்து பஹ்ரைனுக்கு வருவதற்குள் தோலை மாற்றியதை நாமே பார்த்தோம். எஸ்ஐஎஸ் தூணை மாற்ற முடியாது.

தூண் மோனோகாக்கில் பொருந்தும் இடம் அச்சிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பிடிப்பைப் பெயர்க்கப் பார்க்கும் சுமைச் சோதனைகளில் மோனோகாக் தேறியாக வேண்டும். இடத்தை நகர்த்தினால் புது அச்சு, புது மோனோகாக், மறுபடி மோதல் சோதனை. செலவு வரம்பின் அடிப்படைத் தொகை இந்த ஆண்டு 14 கோடி டாலர். அதற்குள் சீசன் நடுவே இதைச் செய்ய எந்தக் கணக்காளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பார்சிலோனாவில் ஓடியது ஏமாற்று வேலை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள்: அந்தத் தோலுக்குள்ளும் மேல் தூண் இதே இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும், மோனோகாக் ஒன்றே என்பதால். முதல் நாளிலிருந்தே இந்த எலும்புக்கூட்டுக்காகத்தான் கார் வரையப்பட்டிருக்கிறது. அகலத் தோலைத்தான் தற்காலிகமாக மாட்டியிருந்தார்கள்.

நாளை அகல சைடுபாடுக்கு மாற நினைத்தாலும், அந்த உயரத்தில் துருத்தும் தூணைச் சுற்றித்தான் வரைந்தாக வேண்டும். ரெட்புல் அளவுக்குக் கீழே குடையலாம், மேலே அவர்கள் சறுக்கு மரம் இவர்களுக்கு வராது.


தரைக்காற்று
12 மார்ச் 2022

டெஸ்ட் முடிஞ்சுது. ரெட்புல்லோட வெர்ஸ்டாப்பென் 1:31.720, மூணு நாள்லயும் அதுதான் வேகம். ரெட்புல் கடைசி நாள்ல சைடுபாடைத் திருத்திக் கொண்டு வந்தாங்க, கீழ இன்னும் குடைஞ்சு.

நேரத்தை வச்சு வரிசை போட வேணாம். 10 கிலோ எரிபொருள் கூடுதல்னா சுத்துக்கு ஏறக்குறைய 0.3 வினாடி, யார் எவ்வளவு போட்டு ஓடினாங்கன்னு நமக்குத் தெரியப் போறதில்ல. பாக்க வேண்டியது வேற: மெர்சிடிஸ் மெதுவான வளைவுல இருந்து வெளிய வரும்போது பின்பக்கம் வழுக்குது. அது உயரத்தைக் கூட்டி ஓட்டற காரோட அடையாளம். துள்ளலை உயரத்தால அடக்கி, உயரத்தால கீழழுத்தத்தை விட்டுக் கொடுக்கறாங்க.


ஆரோ44
12 மார்ச் 2022

வழக்கம் போல ஒளிச்சு வச்சிருப்பாங்க. அடுத்த வாரம் பாருங்க.


நாலாவது_கியர்
20 மார்ச் 2022

பாத்தாச்சு தம்பி. பஹ்ரைன் குவாலிஃபையிங்ல மெர்சிடிஸோட ஹாமில்டன் அஞ்சாவது, முதலிடத்துக்கு 0.680 வினாடி பின்னாடி. ரேஸ்ல மூணாவது வந்தது ரெண்டு ரெட்புல்லும் கடைசியில நின்னு போனதால. ஃபெராரி ஒண்ணு, ரெண்டு. மாமா இன்னைக்கு இழைப் பக்கம் வரமாட்டார், ஸ்வீட் வாங்கப் போயிருப்பார்.


மரனெல்லோ_மாமா
20 மார்ச் 2022

வாங்கிட்டு வந்துட்டேன். கோவணத்தைப் பத்தி நான் சொன்னதை யாராவது மேற்கோள் காட்டுங்கப்பா.


விதிநூல்
27 மே 2023

பதினான்கு மாதம் கழித்து இழையை மேலே இழுக்கிறேன், மன்னிக்கவும். சென்ற ஆண்டு முழுவதும் டபிள்யூ13 அதே தோலோடு ஓடி, பிரேசிலின் இன்டர்லாகோஸில் ஜார்ஜ் ரஸ்ஸல் எடுத்த ஒரே வெற்றியோடு முடித்தது. இந்த ஆண்டுக் கார் டபிள்யூ14-ம் அதே ஒல்லி உடம்போடு வந்தது. இமோலாவுக்கு வைத்திருந்த மாற்றம் வெள்ளத்தால் ரேஸ் ரத்தாகி, இந்த வாரம் மொனாக்கோவில் வந்திருக்கிறது: அகல சைடுபாட், கீழே குடைவு, புது ஃப்ளோர், முன் சஸ்பென்ஷனிலும் மாற்றம்.

மேலே பாருங்கள். அந்தக் குட்டி இறக்கை அப்படியே இருக்கிறது. புது சைடுபாட் அதற்குக் கீழே தனியாகத் தொடங்குகிறது.


ஆரோ44
27 மே 2023

விதிநூல் சார், 2022 மார்ச் 11 பதிவைப் படிச்சேன். ஒண்ணும் சொல்றதுக்கில்ல.


தரைக்காற்று
27 மே 2023

சைடுபாடை விடுங்க. இன்னைக்கு மூணாவது பயிற்சியில ஹாமில்டன் சுவத்துல இடிச்சு, கிரேன் டபிள்யூ14-ஐ அந்தரத்துல தூக்கிச்சு. அப்புறம் குவாலிஃபையிங்ல ரெட்புல்லோட பெரெஸ் இடிச்சு, அவர் கார் ஆர்பி19-ம் அதே மாதிரி தொங்குச்சு. ரெண்டு காரோட அடியும் ஒரே நாள்ல வெயில்ல பளிச்சுனு.

ரெட்புல் குகையோட கூரையில எத்தனை படி, எத்தனை மடிப்பு, எங்க ஆழம் மாறுதுன்னு பாருங்க. மெர்சிடிஸ் அடிப்பாகம் அது பக்கத்துல வழிச்சு விட்ட தோசைக்கல்லு மாதிரி இருக்கு. மேல தோலைப் பாத்து நாம வருசக்கணக்கா எழுதினதுக்கு பதில் இந்த ரெண்டு படத்துல இருக்கு.

ரெண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி, ஒட்டி வச்சிருக்கேன். அளவுகோல் பிளாங்க் (அடியில நடுவுல இருக்கிற பலகை): 10 மில்லி மீட்டர் தடிப்பு, தேய்ஞ்சா 9 வரைக்கும். தொங்கும்போது கார் சாயறதால பக்கத்துக்குப் பக்கம் திருத்தம் போடணும். புது இழை தொடங்கியாச்சு, அங்க வாங்க.